பள்ளத்தூர் முதல் மேடை வரை: மனோரமாவின் நடிப்பாக்கத்தில் செட்டிநாட்டுப் பேச்சு மரபு

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்த் திரைப்பட வரலாற்றில் நகைச்சுவை நடிகையாக அறியப்படும் மனோரமா (1937–2015) அடிப்படையில் ஒரு மேடைக் கலைஞர் ஆவார். செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் வளர்ந்து, 'பள்ளத்தூர் பாப்பா' என்னும் பெயரோடு நாடகத்திற்குள் நுழைந்தவர். அவருடைய நடிப்பாக்கத்தின் அடிப்படை அலகு உடலசைவோ முகபாவமோ அன்று. ஓர் ஊரின் பேச்சும், அப்பேச்சினுள் அமைந்த உறவு, மதிப்புச் சொற்களுமே ஆகும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. 'ஆச்சி' என்னும் விளிப்பெயர் அவருக்கு வாய்த்த வரலாறு இக்கருத்துக்குரிய முதன்மைச் சான்றாக எடுத்துக்கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: மனோரமா, பள்ளத்தூர், செட்டிநாடு, வட்டார வழக்கு, ஸ்பெஷல் நாடகம், ஆச்சி, நகை, மெய்ப்பாடு.

முன்னுரை

தமிழ் நாடக வரலாற்று நூல்கள் பெரும்பாலும் ஆசிரியர்களையும் குழுத் தலைவர்களையும் மையமிட்டே எழுதப்பட்டுள்ளன. சங்கரதாஸ் சுவாமிகள், பம்மல் சம்பந்த முதலியார், அவ்வை தி.க. சண்முகம், நவாப் இராஜமாணிக்கம் என விரியும் அவ்வரிசையில் நடிகையர் பெறும் இடம் குறைவு. கும்பகோணம் பாலாமணி அம்மையார், கே.பி. சுந்தராம்பாள் போன்ற சிலர் விதிவிலக்குகள். நகைச்சுவைப் பாத்திரமேற்ற நடிகையர்க்கோ அவ்விடமும் இல்லை. அவர்களது கலை, கதைத் தலைவியின் பாத்திரத்திற்குத் துணையாக அமைந்த ஒன்றாகவே மதிப்பிடப்பட்டு வந்துள்ளது.

மனோரமாவைப் பற்றிய எழுத்துகளும் இப்போக்கிற்கு விலக்கல்ல. ஆயிரத்துக்கும் மேற்பட்ட திரைப்படங்களில் நடித்தவர் என்ற எண்ணிக்கைச் சாதனையும், தமிழகத்தின் முதலமைச்சர்கள் பலரோடு நடித்தவர் என்ற சிறப்பும் மீண்டும் மீண்டும் எடுத்துரைக்கப்படுகின்றன. அவர் எவ்வாறு நடித்தார், அந்நடிப்பு எந்த மண்ணில் வேர்கொண்டது என்னும் வினாக்கள் போதிய அளவு எழுப்பப்படவில்லை. இவ்வினாக்களுக்கு விடை காண, திரைப்படத்திற்கு முன்னைய மேடையையும், மேடைக்கு முன்னைய ஊரையும் நோக்க வேண்டியுள்ளது.

பள்ளத்தூரும் செட்டிநாட்டு நாடகச் சூழலும்

காரைக்குடிக்கு அண்மையில் அமைந்த பள்ளத்தூர், இன்றைய சிவகங்கை மாவட்டத்தில் நகரத்தார் வாழும் ஊர்களுள் ஒன்று. கானாடுகாத்தான், கோட்டையூர், புதுவயல் ஆகியவை இதன் அண்டை ஊர்கள். பர்மா, மலேயா, இலங்கை ஆகிய நாடுகளில் கொடுக்கல் வாங்கல் தொழில் நடத்திய நகரத்தார், தம் ஈட்டத்தைச் சொந்த ஊர்களில் பெருவீடுகளாகவும் கோயில்களாகவும் ஊருணிகளாகவும் கல்வி நிலையங்களாகவும் மாற்றினர். ஆடவர் ஆண்டுக்கணக்கில் கடல்கடந்து வாழ்ந்தமையால், வீட்டின் அன்றாட ஆட்சி பெண்களின் கையில் இருந்தது. முகப்பு, வளவு, கட்டு எனப் பகுக்கப்பட்ட அவ்வீடுகளில் பணியாளர், உறவினர், வணிகர் ஆகிய பலதரப்பட்டோரும் புழங்கினர். யார் யாரை எச்சொல்லால் விளிப்பது என்பது அங்கு நுட்பமான ஒழுங்குக்கு உட்பட்டது.

இப்பகுதி நாடகத்திற்கும் வளமான களமாக இருந்தது. மதுரை, புதுக்கோட்டை, காரைக்குடி ஆகியவற்றை இணைக்கும் நிலப்பரப்பு ஸ்பெஷல் நாடகத்தின் இயங்குதளம். 1918-இல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகள் தோற்றுவித்த தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை முதலான குழுக்களின் வழிவந்த பாடல்களும் உரையாடல்களும் இங்குக் கோயில் திருவிழா மேடைகளில் ஆண்டுதோறும் ஒலித்தன. வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, நல்லதங்காள் ஆகிய நாடகங்களின் கதைப்போக்கு ஊர் மக்களுக்கு மனப்பாடம். எனவே அவர்கள் கதையை அறிய அமர்வதில்லை. இன்றைய நடிகர் எப்படிப் பாடுகிறார், எதிர்நிற்பவருக்கு எப்படி விடையிறுக்கிறார் என்பதைக் கேட்கவே அமர்ந்தனர். இத்தகைய அவையின் சுவை முதன்மையாகச் செவிச்சுவை.

தமிழ்த் திரைப்படத்தின் ஒரு கட்டமும் இம்மண்ணிலேயே நிகழ்ந்தது. ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் 1946-இல் காரைக்குடியை அடுத்த தேவகோட்டை ரஸ்தாவில் படப்பிடிப்பு நிலையம் அமைத்தார். ப. நீலகண்டன் எழுதிய 'தியாக உள்ளம்' என்னும் நாடகத்தை அடிப்படையாகக் கொண்ட 'நாம் இருவர்' (1947) அங்கு உருவாயிற்று. பின்னர் அந்நிலையம் சென்னைக்கு இடம்பெயர்ந்தது. மேடையும் திரையும் ஒன்றையொன்று தொட்டு நின்ற இக்காலமே மனோரமாவின் சிறுபருவம்.

மனோரமாவின் இயற்பெயர் கோபிசாந்தா. 1937 மே 26 அன்று மன்னார்குடியில் பிறந்தார். குடும்பச் சிக்கல் காரணமாகத் தாய் இராமாமிர்தம் மகளை அழைத்துக்கொண்டு பள்ளத்தூருக்குக் குடியேறினார். வறுமையின் காரணமாகக் கோபிசாந்தாவின் பள்ளிப்படிப்பு இடையில் நின்றது. இவ்விவரங்கள் வாழ்க்கை வரலாற்றுக் குறிப்புகளில் துயரச் செய்திகளாகவே இடம்பெறுகின்றன. நடிப்பாய்வின் நோக்கில் இவற்றுக்கு வேறொரு பொருளும் உண்டு. தாயின் பேச்சு தஞ்சை வண்டல்நிலப் பேச்சு. தெருவின் பேச்சு செட்டிநாட்டுப் பேச்சு. வீட்டு வாயிலைக் கடக்கும்தோறும் சொல்லும் தொனியும் மாறும் சூழலில் வளரும் குழந்தை, பேச்சை இயல்பாகக் கிடைத்த ஒன்றாக அன்றி, கேட்டு வேறுபடுத்தி அறியவேண்டிய ஒன்றாக உணர்கிறது. பின்னாளில் பல வட்டார வழக்குகளைத் தன்வயமாக்கிய செவிக்கூர்மையின் தொடக்கத்தை இங்குக் காண இடமுண்டு.

மேடைப் பயிற்சி

கோபிசாந்தாவை மேடைக்குக் கொணர்ந்தது குரல். நன்றாகப் பாடும் சிறுமி என்ற பெயர் ஊரில் அவருக்கு இருந்தது. ஏறத்தாழ 12 வயதில் நாடகங்களில் பங்கேற்கத் தொடங்கிய அவர், 'பள்ளத்தூர் பாப்பா' என அழைக்கப்பட்டார். ஊர்ப்பெயரை முன்னொட்டாகக் கொள்வது நாடகக் கலைஞர் மரபு. கலைஞரின் பெயர் நாடக அறிவிப்புத் தாளில் அச்சாகும்போது அவரை அடையாளம் காட்டுவது ஊரே. அவ்வகையில், பள்ளத்தூரில் பிறவாத ஒருவர் பள்ளத்தூரின் பெயரால் அறியப்பட்டார்.

'மனோரமா' என்னும் பெயரும் நாடகச் சூழலில் இடப்பட்டதே. நாடக இயக்குநர் ஒருவரும் ஆர்மோனியக் கலைஞர் ஒருவரும் சேர்ந்து அப்பெயரைச் சூட்டினர் என்பர். பெயர்சூட்டலில் ஆர்மோனியக் கலைஞர்க்குப் பங்கிருந்தமை நோக்கத்தக்கது. அக்கால மேடையில் ஆர்மோனியம் வாசிப்பவர் வெறும் பக்க இசைஞர் அல்லர். சுருதி கொடுப்பவர், பாட்டின் இடம் தவறும் நடிகரை மீட்பவர், சில வேளைகளில் மேடையிலுள்ள நடிகரோடு உரையாடுபவரும் ஆவார். புதியவரின் குரல் தேறுமா தேறாதா என்பதை முதலில் அறிபவர் அவரே.

அக்காலச் சூழலின் நடிப்பிலக்கணத்தை விளங்கிக்கொள்ள ஸ்பெஷல் நாடகத்தின் அமைப்பு துணைசெய்கிறது. இதில் நிலையான குழு இல்லை. ஒவ்வோர் இரவுக்கும் தனித்தனியே அமர்த்தப்பட்ட கலைஞர்கள் மேடையிலேயே ஒன்றுகூடுவர். ஒத்திகை கிடையாது. வேடத்திற்குரிய பாடம் ஒவ்வொருவருக்கும் மனப்பாடமாக இருத்தல் வேண்டும். அதற்கு மேல், எதிர்நிற்பவர் எதிர்பாராத வகையில் தொடுக்கும் சொல்லுக்கு அந்நொடியே விடையிறுக்கும் ஆற்றலும் வேண்டும். 'தர்க்கம்' எனப்படும் இச்சொற்போரே அவையின் கைத்தட்டலைப் பெறும் பகுதி. இரவின் தொடக்கத்தில் பபூனும் 'டான்ஸ்' எனக் குறிக்கப்படும் பெண் கலைஞரும் நிகழ்த்தும் நகைச்சுவைப் பகுதி முழுக்கப் பேச்சுமொழியில் அமையும். அதன் பின்னர்த் தொடங்கும் கதைப்பகுதியில் பாடலும் இலக்கிய நடையும் மேலோங்கும். ஒரே இரவில் ஒரே மேடையில் இருவகைத் தமிழும் அடுத்தடுத்து ஒலிப்பது இந்நாடகத்தின் தனித்தன்மை. மதுரைப் பகுதியின் ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களிடையே களப்பணி செய்து சூசன் சைசர் 2005-இல் வெளியிட்ட நூல் இவ்வமைப்பையும், இரவில் ஆடவர் முன் மேடையேறும் பெண்கள் சுமக்கவேண்டியிருந்த சமூக இழிவையும் விரிவாக எடுத்துக்காட்டுகிறது.

மனோரமா முறையான ஸ்பெஷல் நாடகக் கலைஞராக விளங்கினார் என்று கூறுவது இங்கு நோக்கமன்று. அவர் பங்கேற்றவை பெரும்பாலும் குழு நாடகங்களே. வைரம் நாடக சபாவில் சிறு வேடங்கள் ஏற்றார். பின்னர் எஸ்.எஸ். இராஜேந்திரன் நாடக மன்றத்தில் 'மணிமகுடம்', 'தென்பாண்டி வீரன்', 'புதுவெள்ளம்' ஆகிய நாடகங்களில் முதன்மை வேடங்கள் பூண்டு பல ஊர்களில் நடித்தார். சி.என். அண்ணாதுரை, மு. கருணாநிதி ஆகியோருடனும் மேடையில் தோன்றினார். எனினும் பாட்டு, பாடம், உடனடி விடை என்னும் மூன்றையும் ஒரு நடிகையிடம் எதிர்பார்த்த அவைகளையே இக்குழுக்களும் எதிர்கொண்டன.

திராவிட இயக்க நாடகங்கள் அவருக்கு அளித்த பயிற்சி தனியே குறிக்கத்தக்கது. அடுக்குமொழியும் எதுகை மோனையும் நிறைந்த நீண்ட வசனங்களை மூச்சு அளந்து, ஒலி பிறழாது பேச அவை கற்பித்தன. செந்தமிழ் நடையை மேடையில் ஆண்ட ஒருவரால்தான் அதிலிருந்து விலகும் ஒவ்வொரு வட்டார ஒலியையும் அளவறிந்து பயன்படுத்த இயலும். மனோரமா வழக்குமொழி பேசும்போது சொல் தெளிவாக அவையின் கடைசி வரிசையையும் எட்டுவதற்கு இப்பயிற்சியே காரணம். கொச்சை எனக் கருதப்பட்ட பேச்சைக் குழறாமல் பேசியமை அவரது சிறப்பு.

'ஆச்சி' என்னும் சொல்

தமிழின் உறவுப்பெயர்களுள் இடத்திற்கேற்பப் பொருள் பெரிதும் வேறுபடும் சொற்களுள் 'ஆச்சி'யும் ஒன்று. திருநெல்வேலிப் பகுதியிலும் ஈழத்திலும் இது பாட்டியைக் குறிக்கும். நகரத்தார் வழக்கில் அக்காளைக் குறிக்கும். மணமான நகரத்தார் பெண்டிரைப் பிறர் மதிப்போடு விளிக்கும் சொல்லாகவும் வழங்கும். அவ்வழக்கில் தாய் 'ஆத்தா', தந்தை 'அப்பச்சி', தந்தையின் தாய் 'அப்பத்தா', தாயின் தாய் 'ஆயா', அண்ணன் மனைவி 'அண்ணமிண்டி'. இச்சொற்றொகுதியுள் 'ஆச்சி' மட்டுமே குடும்ப எல்லையைக் கடந்து ஊரார் அனைவரும் வழங்கும் மதிப்புப்பெயராகவும் நிற்பது. வீட்டில் பணிபுரிவோரும் கடைக்காரரும் அண்டை அயலாரும் வீட்டுத் தலைவியை இச்சொல்லாலேயே விளிப்பர். பள்ளத்தூரில் இயங்கும் மகளிர் கல்லூரியின் பெயரே சீதாலட்சுமி ஆச்சி மகளிர் கல்லூரி என்பது, பொதுவாழ்வில் இச்சொல் பெற்ற மதிப்புக்குச் சான்றாகும்.

மனோரமாவுக்கு இப்பெயர் வாய்த்த வரலாற்றை அவரே நேர்காணல்களில் எடுத்துரைத்துள்ளார். சென்னை வானொலி நிலையம் ஒலிபரப்பிய 'காப்புக்கட்டிச் சத்திரம்' என்னும் தொடர் நாடகத்தில் அவர் செட்டிநாட்டுப் பேச்சில் நடித்தார். அதைக் கேட்ட நிலையத்தார் அவரை 'ஆச்சி' என அழைக்கத் தொடங்கினர். பின்னர்த் திரையுலகமும் தமிழகமும் அப்பெயரையே ஏற்றன.

இந்நிகழ்வில் மூன்று செய்திகள் கவனத்திற்குரியவை. முதலாவது, இது வானொலியில் நிகழ்ந்தது. ஒப்பனை, உடை, உடலசைவு ஆகிய எவையும் பயன்படாத ஊடகம் அது. குரல் ஒன்றே ஒரு முழு மனிதரையும் அவரது ஊரையும் கேட்பவர் மனத்தில் தோற்றுவிக்க வேண்டும். கேட்டவர்கள் பாத்திரத்தின் பெயரையோ நடிகையின் பெயரையோ கொள்ளாமல், அப்பேச்சுக்குரிய மதிப்புப்பெயரைக் கொண்டனர் என்பது அக்குரல் பெற்ற வெற்றியின் அளவுகோல்.

இரண்டாவது, பெயரிட்டவர்கள் செட்டிநாட்டார் அல்லர், சென்னையில் பணிபுரிந்தோர். ஒரு வட்டாரத்தின் உறவுப்பெயர் அவ்வட்டாரத்திற்கு வெளியே மதிப்புப்பெயராக நிலைபெறுவது மொழி வரலாற்றில் அடிக்கடி நிகழ்வதன்று. தமிழகத்தின் பிற பகுதிகளில் 'ஆச்சி' என்றவுடன் நினைவுக்கு வருபவர் மனோரமாவே என்னும் நிலை உருவானது. ஒரு சமூகத்தின் வழக்குச்சொல் பொதுவழக்காக மாறுவதில் நடிப்புக்கலை ஆற்றிய பங்கிற்கு இஃது எடுத்துக்காட்டு.

மூன்றாவது சமூகம் சார்ந்தது. பள்ளத்தூரில் வறுமைப்பட்டுக் குடியேறிய தாயும் மகளும் பிறரை 'ஆச்சி' என விளிக்கும் நிலையில் வாழ்ந்தவர்கள். அந்த மகள் பின்னாளில் அச்சொல்லாலேயே விளிக்கப்பட்டார். அதிலும் நாடகம், திரைப்படம் ஆகிய துறைகளில் இயங்கிய பெண்ணைச் சமூகம் ஐயத்துடன் நோக்கிய காலத்தில் இது நிகழ்ந்தது. அக்காலத்து ஆடவ நடிகர்க்கு 'நடிகர் திலகம்', 'மக்கள் திலகம்', 'கலைவாணர்' எனப் பட்டங்கள் வழங்கப்பட்டன. மனோரமாவுக்கு நிலைத்ததோ உறவுப்பெயர். பட்டம் மேடையில் வழங்கப்படுவது; உறவுப்பெயர் வீட்டிற்குள் ஏற்றுக்கொள்வதன் அடையாளம். நாடகக்காரியை வீட்டிற்கு வெளியே நிறுத்திய சமூகம், அவருக்கு வீட்டுத் தலைவியின் பெயரை அளித்தமை அவர் கலையின் சமூக விளைவு எனலாம்.

வழக்குமொழி நடிப்பின் அமைப்பு

மனோரமா மேடையிலிருந்து திரைக்கு வந்த முதற்படம் கண்ணதாசன் தயாரித்த 'மாலையிட்ட மங்கை' (1958). சிறுகூடல்பட்டியில் பிறந்த கண்ணதாசனும் செட்டிநாட்டாரே. மேடையில் முதன்மை வேடங்கள் ஏற்றுவந்த தமக்கு நகைச்சுவை வேடம் தரப்பட்டபோது தயங்கியதையும், அதுவே நீடித்து நிலைக்கும் என்று கண்ணதாசன் வற்புறுத்தியதையும் மனோரமா பலமுறை நினைவுகூர்ந்துள்ளார். 'கொஞ்சும் குமரி' (1963) படத்தில் கதைத் தலைவியாக நடித்தபோதிலும், அவரது தனித்தன்மை வெளிப்பட்டது வழக்குமொழிப் பாத்திரங்களிலேயே.

'அனுபவி ராஜா அனுபவி' (1967) படத்தில் தூத்துக்குடி வட்டாரப் பேச்சு, 'பொம்மலாட்டம்' (1968) படத்தில் சென்னைத் தமிழ், 'சின்ன கவுண்டர்' (1992) படத்தில் கொங்குத் தமிழ் என அவர் கையாண்ட வழக்குகள் பல. இவற்றை 'குரல் மாற்றிப் பேசுதல்' என்று மட்டும் கூறுவது பொருந்தாது. பலகுரல் கலைஞர் ஒருவர் வழக்குமொழியின் வெளித்தோற்றத்தைப் போலச் செய்வார். சில அடையாளச் சொற்களும் இழுப்பும் அதற்குப் போதும். மனோரமாவின் அணுகுமுறையில் மூன்று படிகள் தென்படுகின்றன.

முதற்படி, விளி. பாத்திரம் எதிர்நிற்பவரை எச்சொல்லால் அழைக்கிறது என்பதை அவர் முதலில் நிலைநிறுத்துகிறார். அவ்விளியே பாத்திரத்தின் அகவை, நிலை, உரிமை ஆகியவற்றை அறிவித்துவிடுகிறது. இரண்டாம் படி, வினைமுற்று. 'வந்தாக', 'சொன்னாக' எனத் தென்பகுதியில் மதிப்பு உணர்த்தும் ஈறும், கொங்குப் பேச்சின் 'ங்க' ஈறும், சென்னைத் தமிழின் குறுகிய முற்றுகளும் தொடரின் இறுதியில் வருபவை. தொடரிறுதியில்தான் மேடை நடிகர் அவையின் எதிர்வினைக்காக இடைவெளி விடுவார். எனவே வட்டார அடையாளமும் நகையும் ஒரே புள்ளியில் கூடுகின்றன. மூன்றாம் படி, தாளம். ஒவ்வொரு வழக்கிற்கும் உரிய ஏற்ற இறக்கத்தை இசையறிவுடைய அவர் பாட்டின் சந்தம்போலப் பிடித்துக்கொள்கிறார். 'பொம்மலாட்டம்' படத்தில் சென்னைத் தமிழில் அமைந்த பாட்டு பெற்ற வரவேற்பு இதனை மெய்ப்பிக்கிறது. அங்குப் பேச்சும் பாட்டும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்கவியலாதவை.

'தில்லானா மோகனாம்பாள்' (1968) படத்தின் ஜில் ஜில் ரமாமணி இவ்வாய்வுக்கு மிக முதன்மையான பாத்திரம். கொத்தமங்கலம் சுப்பு எழுதிய புதினத்தைப் படமாக்கிய ஏ.பி. நாகராஜன் தாமே நாடகக் குழுவில் வளர்ந்தவர். ரமாமணி ஊர் ஊராகச் சென்று ஆடிப்பாடிப் பிழைக்கும் நாடகக்காரி. ஸ்பெஷல் நாடகத்தின் 'டான்ஸ்' கலைஞர்க்கு நெருங்கிய உறவினள். செவ்வியல் கலைஞர்களான நாகசுரக்காரரும் பரதக் கலைஞரும் கதையின் மையத்தில் நிற்க, இவள் விளிம்பில் நிற்கிறாள். குழைந்து இழுத்துப் பேசும் அவள் பேச்சு தொடக்கத்தில் சிரிப்பூட்டுகிறது. பின்னர் நாகசுர இசையைக் கேட்டு அவள் கண்கலங்கும் காட்சியில் பேச்சின் அதே இழுப்பு இரக்கத்தை எழுப்புகிறது. குரலின் இயல்பு மாறவில்லை. கேட்பவரின் நிலையே மாறுகிறது. இழிவாகக் கருதப்பட்ட மேடையின் கலைஞர், உயர்ந்ததாகக் கருதப்பட்ட இசையின் அருமையை எவரினும் நன்கறிவார் என்பதை அக்காட்சி வாதமின்றி நிறுவுகிறது. தாம் வாழ்ந்து கடந்த தொழிலையே மனோரமா இங்கு நடித்தார் என்பது அப்பாத்திரத்தின் உயிர்ப்புக்குக் காரணம்.

'சம்சாரம் அது மின்சாரம்' (1986) படத்தின் வேலைக்காரி கண்ணம்மா மேடைத் தர்க்கத்தின் நேரடித் தொடர்ச்சி. குடும்பப் பூசலில் சம்பந்தியை எதிர்கொண்டு அவள் சென்னைத் தமிழில் வாதாடும் காட்சி, வினா–விடை, மடக்கல், திருப்பித் தாக்கல் என்னும் தர்க்க முறையிலேயே கட்டமைக்கப்பட்டுள்ளது. இயக்குநர் விசுவும் மேடை நாடகத்திலிருந்து வந்தவர். வீட்டில் மிகக் குறைந்த அதிகாரம் உடையவளின் வாயில் மிகக் கூரிய சொற்கள் அமைவது பபூன் மரபின் அடிப்படை விதி. அவ்விதி இங்கு ஒரு பெண்ணின் வழியே செயற்படுகிறது.

நகையும் இளிவரலும்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகையை எண்வகை மெய்ப்பாடுகளுள் முதலாவதாக வைத்து, அதன் நிலைக்களன்களுள் எள்ளலையும் பேதைமையையும் சுட்டுகிறது. எள்ளல் இருவகைப்படும் என்பர் உரையாசிரியர்: தான் பிறரை எள்ளுதல், பிறரால் தான் எள்ளப்படுதல். தமிழ்த் திரை நகைச்சுவையில் பெண்பாத்திரம் பெரும்பாலும் இரண்டாம் வகைக்கே உரியது. உருவம், அறியாமை, பேச்சு ஆகியவற்றின் பொருட்டு அவள் எள்ளப்படுகிறாள்.

மனோரமாவின் பாத்திரங்களும் இவ்வகையில் எழுதப்பட்டவையே. அவற்றை அவர் நிகழ்த்திய முறை இவ்வமைப்பை மாற்றுகிறது. பேதைமையை அவர் வேடமாகக் கொள்கிறார். அறியாதவள்போல் பேசும் சொல்லிலேயே எதிர்நிற்பவரின் பொய்ம்மை வெளிப்படுகிறது. இவ்வாறு எள்ளப்படுபவள் எள்ளுபவளாக இடம்மாறுகிறாள். நகைக்கு அடுத்து இளிவரலும் அழுகையும் வந்து சேரும் இடங்களிலும் அவர் குரலைத் திடீரென உயர்நடைக்கு மாற்றுவதில்லை. அதே வழக்குமொழியில் நின்றே துயரத்தை உணர்த்துகிறார். எளியோரின் பேச்சு சிரிப்புக்கு மட்டும் உரியது, துயரத்திற்குச் செம்மையான தமிழே உரியது என்று மேடையிலும் திரையிலும் நிலவிய பழைய பாகுபாட்டை இம்முறை தகர்த்தது. 'புதிய பாதை' (1989) படத்திற்காக அவர் பெற்ற தேசிய விருது சிறந்த துணை நடிகைக்குரியது என்பது, அவரது நடிப்பு நகைச்சுவை எல்லைக்குள் அடங்காதது என்பதற்கான ஏற்பு. 2002-இல் பத்மஸ்ரீ விருதும் அவருக்கு வழங்கப்பட்டது.

ஆவணமாக்கலின் தேவை

மனோரமாவின் மேடைப்பணியை ஆராய்வோர் எதிர்கொள்ளும் முதற் சிக்கல் சான்றுகளின் இன்மை. திரைப்படங்கள் எஞ்சியுள்ளன, நாடகங்கள் நிகழ்ந்த இரவோடு மறைந்தன. அச்சான நாடக நூல், ஆசிரியரின் சொற்களை மட்டுமே காட்டும். நடிகை சேர்த்த சொல், விட்ட இடைவெளி, ஊருக்கு ஊர் மாற்றிய பேச்சு ஆகியவை அதில் இல்லை.

இதே சிவகங்கை மாவட்டத்து மாரந்தையில் பிறந்த கே.ஏ. குணசேகரனை (1955–2016) இங்கு ஒப்பிடலாம். நாட்டார் கலைகளை ஆய்வுப்புலத்திற்குள் கொணர்ந்தும், 'பலி ஆடுகள்' நாடகத்தை எழுதியும், 'வடு' என்னும் தன்வரலாற்றை வெளியிட்டும் தம் கலையின் வேர்களைத் தாமே ஆவணப்படுத்தினார் அவர். அவருக்குப் பல்கலைக்கழகம் துணைநின்றது. பள்ளிப்படிப்பு இடைநின்ற நாடக நடிகையருக்கு அவ்வாய்ப்பு இல்லை. அவர்களது அறிவு முழுவதும் செவிவழிப் பெற்று வாய்வழி வெளிப்பட்டது. நேர்காணல்களில் அவர்கள் கூறிய சிறு செய்திகளே இன்று கிடைக்கும் மூலச் சான்றுகள்.

ஆகவே செய்யத்தக்க பணிகள் சில உள. வானொலி நிலையங்களில் எஞ்சியிருக்கும் நாடக ஒலிப்பதிவுகளைத் திரட்டிப் பாதுகாத்தல் முதற்பணி. செட்டிநாட்டு ஊர்களில் முதியோர் வீடுகளில் எஞ்சிய நாடக அறிவிப்புத் தாள்களையும் பாட்டுப் புத்தகங்களையும் தொகுத்தல் அடுத்தது. திரைப்பட உரையாடல்களை ஒலியனியல் நோக்கில் எழுத்துப்பெயர்த்து, அந்தந்த வட்டாரப் பேச்சோடு ஒப்பிடுவதும் வேண்டும். இவ்வொப்பீடு அவரது வழக்குமொழி எந்த அளவு களத்துக்கு நெருக்கமானது, எந்த அளவு மேடைக்கென ஆக்கப்பட்டது என்பதைத் தெளிவுபடுத்தும்.

முடிவுரை

மனோரமா 2015 அக்டோபர் 10 அன்று சென்னையில் மறைந்தார். அவரது கலைவாழ்வை நாடக வரலாற்றின் ஒளியில் நோக்கும்போது பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன. அவரது நடிப்பாக்கத்தின் வேர் செட்டிநாட்டுப் பள்ளத்தூரின் பேச்சுச் சூழலிலும், செவிச்சுவையை முதன்மையாகக் கொண்ட தென்தமிழக மேடை மரபிலும் உள்ளது. செந்தமிழ் வசனமும் வழக்குமொழியும் ஒருசேரக் கைவந்தமையே வட்டாரப் பேச்சைத் தெளிவோடும் அளவோடும் கையாள அவருக்குத் துணைசெய்தது. விளி, வினைமுற்று, தாளம் என்னும் மூன்று படிகளில் அவர் ஒரு பாத்திரத்தின் ஊரை உருவாக்கினார். எள்ளப்படும் பெண்பாத்திரத்தை எள்ளும் பாத்திரமாக மாற்றியது, வழக்குமொழிக்குத் துயரத்தை உணர்த்தும் தகுதியைப் பெற்றுத்தந்தது ஆகியவை அவரது பங்களிப்புகள்.

'பள்ளத்தூர் பாப்பா' என்பது ஊர் தந்த பெயர். 'மனோரமா' நாடகம் தந்த பெயர். 'ஆச்சி' அவர் பேச்சைக் கேட்டோர் தந்த பெயர். இம்மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக வைத்து நோக்கினால், எழுதப்பட்ட வரலாற்றில் இடம்பெறாத ஒரு மேடைக் கலைஞரின் பயிற்சியும் அதன் சமூக ஏற்பும் வரிசையாகப் புலப்படுகின்றன. நகைச்சுவை நடிகையரின் கலையைத் தமிழ் நாடக வரலாற்றின் உறுப்பாகக் கொண்டு எழுத முனைவோர்க்கு இவ்வரிசை ஒரு தொடக்கப்புள்ளியாகும்.